ஒன்றரை இஞ்சிப் பைப்

ஒன்றரை இஞ்சிப் பைப், ஆறடி நீளம்,
"ஆனா பாரமா இருக்கக்கூடாது" என்றாள்.
ஆமர் வீதிக் கடையில் பதினொரு வருசம் நிற்கிறேன்,
பைப்பைத் தூக்கிப் பார்த்து வாங்கிய முதல் ஆள்.
எந்த பாத்ரூமுக்கு என்றேன்.
ஈட்டிக்கு என்றாள் ருஸைக்கா.
பில்லுக்குக் கேட்டதால் தெரிந்த பெயர்.
ஃபோனைத் திருப்பிக் காட்டினாள்:
கடலடியில் தபால் கொடுக்கிற ஒருத்தி,
நீல முடி, முகத்தில் பாதி கண்,
கையில் எங்கள் கடைப் பைப்.

கார்ட்டூனா?
மிச்சக்காசை எண்ணுவதை நிறுத்தினாள்.
"அனிமே."
பெயரைப் பிழையாகப் பதிந்த கிளார்க்கைத்
திருத்துகிற குரல்.

அன்றிரவு தேடினேன். நூற்றி நான்கு பாகம்.
தெரியாமல் முப்பத்தேழில் தொடங்கினேன்.
யாரோ யாரையோ மன்னித்தார்கள்.
என்ன குற்றமென்று தெரியாமலே
எனக்குத் தொண்டை அடைத்தது.

கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடுகிற வேகத்துக்கு
என் கண் ஓடாது.
நிறுத்தி, வாசித்து, விட்டு, திரும்ப நிறுத்தி
இருபத்திரண்டு நிமிசத்தை
ஒரு மணித்தியாலமாகப் பார்த்தேன்.
பிறகு காது முந்திக்கொண்டது.
அவர்கள் "அனே" என்றால் அக்கா.
பக்கத்து அறை நந்தசேன "அனே" என்றால்
ஐயோ பாவம்.
வெள்ளவத்தையில் ஒரு பலகைச் சுவர்,
நடுவில் நான், ஒரு காதில் மட்டும் ஹெட்செட்.

ஐம்பத்திரண்டாம் பாகத்தை
நூற்றொன்று பஸ்ஸில் பார்த்தது பிழை.
பம்பலப்பிட்டிச் சந்தியில் அழுதுகொண்டிருந்தேன்.
மரக்கறிப் பையோடு பக்கத்திலிருந்தவர்
மெல்லக் கேட்டார்: வீட்டில யாரும்...?
ஓம் என்றேன்.
திமிங்கிலம் என்று சொல்ல வாய் வரவில்லை.
இறங்கும்போது தோளைத் தட்டிவிட்டுப் போனார்.
அவரை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம்.

மருதானையில் ஒரு மண்டபம், மூன்றாம் மாடி, சனிக்கிழமை.
அயன் பண்ணிய சேர்ட்டோடு போனேன்.
வாசலில் செக்யூரிட்டி
"லைட் திருத்தவா?" என்று வழிவிட்டான்.
உள்ளே வால்கள், கொம்புகள், ஒரு மஞ்சள் சிறகு.
தினிதுவின் கவசம் யோகா விரிப்பு,
வேர்வையில் பசை கழன்று
நெஞ்சை ஒரு கையால் பிடித்தபடி சோறு சாப்பிட்டான்.
ருஸைக்காவின் நீல ஹிஜாப்
நெற்றியோரம் அலையாக மடிந்து
முடியைவிட முடியாக இருந்தது.

எதை முதலில் பார்க்கலாம் என்று
ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.
சிங்களத்தில் தொடங்கித் தமிழில் முற்றி
ஜப்பானிய வசையில் முடிந்தது சண்டை.
ஒருவன் என் உள்ளங்கையில் பேனையால் எழுதினான்.
இன்னொருத்தி எச்சில் தொட்டு அழித்தாள்.
எத்தனை வருசமாகப் பார்க்கிறீர்கள்?
மூன்று கிழமை.
அமைதி.
"அப்ப எழுபதாம் பாகம் இன்னும் பாக்கேல்லயா?"
கலியாண வீட்டில்
இனித்தான் பந்திக்கு உட்காரப் போகிறவனைப்
பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"கடைசியில அந்தத் தபால்காரி—"
ஒரு பொடியன் வாயெடுத்தான்.
ஈட்டி அவன் தலைக்கு மேலால் வந்து தூணில் பட்டு
இரண்டாக முறிந்தது.
முப்பத்தினாலு வயதில்,
நடக்காத ஒருத்தியின் நடக்காத முடிவுக்காக
ஒரு பள்ளிக்கூடப் பொடியனை
நானும் முறைத்துக்கொண்டு நின்றேன்.

காற்சட்டைப் பையில் ஒரு சொக்கற் கிடந்தது.
எங்கள் தொழிலில் ஏதாவது கிடக்கும்.
திருகி, தட்டி, நிமிர்த்திக் கொடுத்தேன்.

படமெடுக்கும்போது இழுத்து நிறுத்தினார்கள்:
"கடிதம் வாங்குற ஆள் வேணும்,
உங்கட சேர்ட் சரி."
தபால்காரி நீட்டினாள். வாங்கினேன்.
சிரிக்க வேண்டாம் என்றார்கள், ஆறு தரம்.

உறை உள்ளே பாரமாயிருந்தது.
ரயிலில் பிரித்தேன்.
எங்கள் கடை பில். ஒன்றரை இஞ்சி, ஆறடி,
என் கையெழுத்து,
பெயர் மட்டும்
ருசேக்கா என்று பிழையாக.