இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை

ராயபுரத்தில் என் பொறுப்பில் இருநூற்றுப்பத்து மீட்டர்.
எண்ணைப் பார்ப்பேன், கார்டில் எழுதுவேன்,
அடுத்த வாசல்.
வீட்டைப் பார்க்க எனக்குச் சம்பளம் இல்லை.

ஆனால் பழைய வீடுகளில் மீட்டர்
ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்கிற உயரத்தில்தான் இருக்கும்.
ஏறினால் கூரை தெரிந்துவிடும்:
தேக்கு உத்திரம், குறுக்கே சட்டம்,
அதன்மேல் சாய்வாகக் குத்தி அடுக்கிய சின்னச் செங்கல்,
இடுக்கில் கசிந்து காய்ந்த சுண்ணாம்பு.

பதினேழாம் நம்பரில் ஒரு வளைவு,
கூடத்துக்கும் முற்றத்துக்கும் நடுவே.
கப்பல் சரக்கில் சம்பாதித்த யாரோ துபாஷ் கட்டியதாம்.
பாகப்பிரிவினையில் கோர்ட் கமிஷனர் போட்ட கோடு
வளைவின் உச்சிக்கல்லில் சரியாக இறங்கியது.
கோட்டின்மேல் ஒற்றைச் செங்கல் சுவர்.
அந்தப் பக்கம் அண்ணன் கோதண்டம், பாதி வளைவு, பச்சை டிஸ்டெம்பர்.
இந்தப் பக்கம் தம்பி தாமோதரம், பாதி வளைவு, ரோஸ்.
இரண்டு மீட்டர், இரண்டு காலிங்பெல்,
ஒரே கரையான்.

சித்திரையில் கோதண்டம் தன் பாதியை விற்றார்.
கடப்பாரையோடு ஆள் இறங்கிய அன்று
தாமோதரத்தின் மனைவி ராஜாமணி
தெருவுக்கு வந்து கேட்டது ஒன்றுதான்:
"நடுக்கல்லு யார் கணக்குல வருது?"

மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டு உள்ளே போய்
வெகுநேரம் அண்ணாந்து நின்றார்.
பாதி வளைவு என்று ஒன்று கிடையாது.
அவருக்குத் தெரியும்.
பத்திரம் எழுதியவருக்குத்தான் தெரியாமல் போயிற்று.

கடைசியில் மூன்று சவுக்குக் கழியை முட்டுக்கொடுத்து
மிச்சத்தை இடித்தார்கள்.

இந்த முறை போனபோது
ரோஸ் பக்கம் நெத்திலி வறுபடுகிறது.
பச்சைப் பக்கம் வானம்.
வெட்டவெளியில் கழிகளின்மேல் கால்வட்டம்,
அது தந்த நிழல் அளவுக்குள்
உடம்பைச் சுருட்டிப் படுத்திருக்கிறது ஒரு நாய்.

இடித்த பாதியின் மீட்டரைக்
கம்பத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
சுவரே இல்லாத வீட்டில் நாலு யூனிட் ஓடியிருக்கிறது.
வாட்ச்மேனின் செல்போனாக இருக்கும்,
ராத்திரி பல்பாக இருக்கும்.

"உங்களுக்கு நூத்தி அறுபது" என்றேன் ராஜாமணியிடம்.
"அந்தப் பக்கம்?"
இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை.
"நாலு."

ஜுரம் பார்ப்பதுபோல்
ஒற்றைச் செங்கல் சுவரில் புறங்கையை வைத்தாள்.
கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போய்விட்டாள்.

ஸ்டூலை ஓரமாக வைத்தேன்.
பதினெட்டாம் நம்பர்:
கதவு பூட்டு.