முளைக்கம்பி

கச்சேரி ரோட்டில் நின்று
கழுத்தை முழுக்கச் சாய்த்தால்தான் உச்சி தெரியும்.
ஏழு மாடி.
மாயவரத்தில் அதற்கு வேறு பெயர் தேவைப்பட்டதில்லை.
ஏழெல்லாம் ஓர் உயரமா என்று சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள்.
அறுபத்திரண்டில் வந்திருக்க வேண்டும் அவர்கள்,
ஓட்டுக் கூரைகளையும் தென்னைகளையும் தாண்டி
இது ஒன்று மட்டும் எழும்பிக்கொண்டிருந்தபோது.

எனக்குக் கொடுத்த வேலை
இடிக்கலாமா, வைக்கலாமா என்று சொல்வது.
மூன்று மாதம். ஒரு சுத்தியல்,
ஒரு பாட்டில் பினாப்தலீன்.
துளையிட்டு, தூசியை ஊதி, தெளித்தால்
உயிருள்ள கான்கிரீட் ரோஸாகச் சிவக்கும்.
செத்தது சாம்பலாகவே இருந்துவிடும்.
ரெண்டாம் மாடிப் பல் டாக்டர் எட்டிப் பார்த்தார்:
"ரூட் கெனாலா?"
ஏறக்குறைய, என்றேன்.

அஸ்திவாரத்தை நினைத்துத்தான் பயந்தேன்.
இங்கே ஆறடியில் தண்ணீர்,
அதற்குக் கீழே வெண்ணெயாய் வழுக்கும் களி.
ரஹ்மத்துல்லா ராவுத்தர்
கொள்ளிடத்தில் பாலத்துக்குக் கால் இறக்கிய மேஸ்திரியை
கையோடு கூட்டி வந்திருக்கிறார்.
இருபத்துநாலு கிணறு,
உள்ளே ஆள் இறங்கி மண் அள்ள அள்ள
தன் எடையிலேயே அமிழ்ந்து, அமிழ்ந்து,
மணல் தட்டும்வரை.
ஊருக்கு அடியில் படுத்திருக்கும் ஏதோ ஒரு பழைய ஆற்றின் மேல்
நிற்கிறது இன்னும்.

வரைபடம் கேட்டேன். இல்லை என்றார் பேரன்.
கிடைத்தது ஒரு மஸ்டர் ரோல், கரையான் மிச்சம் வைத்தது:
தையல்நாயகி, சித்தாள், ஒன்றேகால் ரூபாய்.
நேராகப் பெருவிரல் ரேகை,
நூற்றுப் பதினொரு நாளைக்கு நூற்றுப் பதினொன்று.
சவுக்குச் சாரத்தில் ஏறிய கலவைச் சட்டிகளை எழுத
அதில் கட்டம் இல்லை.

எட்டாவதும் வேண்டியிருந்தது ராவுத்தருக்கு.
பணம் தீர்ந்தது என்று ஒரு கதை,
கோபுரத்தை மறைக்குமென்று நாலு பேர் போய்ப் பேசியதாக இன்னொன்று.
தூண் தலைகளில் கம்பியை நீட்டிவிட்டு
பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார்.
அறுபது ஐப்பசி.
அந்தக் கம்பிகளைப் பிடித்தே துரு இறங்கியிருக்கிறது,
வீட்டுப் படி தெரிந்த ஆள் மாதிரி,
ஏழு, ஆறு, ஐந்தில் பாதி.
நாலாம் மாடியில் தெளித்தேன்.
ரோஸ்!
கத்தியே விட்டேன் போல.
ஜிஎஸ்டி ஆடிட்டர் ஆபீஸில் எல்லாரும் திரும்பினார்கள்.

பேரனுக்கு ஆசை வேறு: கண்ணாடி போட்டுப் பத்து மாடி.
மணலுக்கு எங்கே போவீர்கள் என்றேன்.
"எம்-சாண்ட் இருக்கே மேடம், லாரி வரும்."
அன்றிரவு லாட்ஜில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
இந்தச் சுவர், தளம், தூண் எல்லாமாக
ஆயிரத்து எண்ணூறு மாட்டுவண்டி.
முட்டளவுத் தண்ணீரில் இறங்கி அள்ளியது.
இப்போது பாலத்தில் நின்றால் நாணல் தெரிகிறது, களி தெரிகிறது.
காவிரியில் காணாமல் போனதில் கொஞ்சம்
இங்கே கச்சேரி ரோட்டில் இருக்கிறது, செங்குத்தாக.
அறிக்கையில் இதை எழுத முடியாது.
"பலப்படுத்திப் பயன்படுத்தலாம்" என்று எழுதினேன்.

முளைக்கம்பியை அறுத்த அன்று
பொறி பறந்ததைப் பார்க்க டீக்கடையே தெருவில் நின்றது.
பழைய இரும்புக் கடை எடை: முந்நூற்று எழுபது கிலோ.
தூண்களுக்குச் சட்டை போட்டோம்.
ஏசிக்காக யாரோ செங்கல் வைத்து அடைத்த
மேற்குப் பக்க ஜாலியைத் திறந்தோம்.
ஆடியில் டாக்டருடைய பஞ்சு வராந்தா முழுக்கப் பறந்தது,
போனில் திட்டினார்.
எட்டாம் மாடி இருக்க வேண்டிய இடத்தில் சூரியத் தகடுகள்.
மொட்டைமாடித் தண்ணீர்
குழாய் வழியாக, களியைத் துளைத்து,
அந்தப் பழைய மணலுக்கே போகிறது.

கடைசி வாரம் பெயிண்டர் குஞ்சிதபாதம் கேட்டார்,
நாலாம் மாடியில் வழிந்து காய்ந்த இந்த ரோஸ் கறை
என்ன தேய்த்தும் போகவில்லையே, சுரண்டவா?

வேண்டாம், என்றேன்.
அதன் மேலேயே அடியுங்கள்.