இரண்டு அங்குலச் சுரங்கம்

ஓஹியாவுக்கும் இதல்கஸ்ஹின்னைக்கும் நடுவே
ஏழு சுரங்கம் என் பொறுப்பு.
காலை வண்டிக்கு முன் டோர்ச்சும் சுத்தியலுமாகப் போய்
சுவரைத் தட்டிக் காதால் பார்ப்பேன்.

போன மாசியில்
ரொட்டி நெஞ்சுக்கு நடுவில் நிற்கத் தொடங்கியது.
பிறகு சோறு.
பிறகு தேத்தண்ணிகூட யோசித்து யோசித்துத்தான் இறங்கியது.
நாற்பது தடவை மென்றால் போகும்.
எண்ணிக்கொண்டே சாப்பிட்டேன்,
சிலிப்பர் கட்டை எண்ணுகிறவன்தானே.

"சொல்லாம முழுங்குனதெல்லாம் கட்டியாயிருச்சு"
என்றான் மச்சான் சூசை. அவனுக்கு எல்லாமே கதை.
கண்டி ஆஸ்பத்திரித் திரையில் பார்த்தபோது
அது வெறும் தசை. பதினெட்டு மில்லிமீட்டர்.
உள்தோலுக்குக் கீழே,
போர்வைக்குள் ஒளிந்த பிள்ளையின் முட்டிபோல.

டொக்டர் வீரக்கொடிக்குத் தமிழ் கொஞ்சம்.
"கட்டி நல்லது" என்றார்.
ஞானமலர் விறைத்துப்போனாள்.
தாதி திருத்தினாள்: "கெடுதல் இல்லாத கட்டியாம், அக்கா."
அதற்குள் இவள் மாதாவுக்கு
ஒரு கட்டு மெழுகுதிரி நேர்ந்துவிட்டிருந்தாள்.

வெளியே கத்தி வைக்கமாட்டார்களாம்.
வாய் வழியாகக் கமரா.
கட்டிக்கு இரண்டு அங்குலம் மேலே உள்தோலில் ஒரு கீறல்;
அதில் நுழைந்து, தோலுக்கும் தசைக்கும் நடுவே
ஒரு சுரங்கம்.
அந்தச் சொல் போதும் எனக்கு. எழுந்து உட்கார்ந்தேன்.
தண்ணீர் கசியாதா?
கூரை இறங்கினால்?
வாயை எதால் அடைப்பீர்கள்?
தாதி சிங்களத்தில் சொல்லச் சொல்ல
டொக்டர் சிரித்தார். பிறகு சிரிக்காமல்
காகிதத்தில் வரைந்து காட்டினார்.
"கிளிப். ஐந்து. தானாக விழும்."
தானாக விழுகிற ஆணியை நாங்கள் பாதையில் அடிப்பதில்லை
என்றேன். அதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

பல்லுக்கு நடுவில் ஒரு வளையம். ஊசி.
மீதியை நான் இல்லாமலே செய்தார்கள்.

விழித்தபோது போத்தலில் கிடந்தது,
வெள்ளையாய், வழுவழுப்பாய், சின்னப் பலாக்கொட்டை.
அன்றைக்குப் பச்சைத் தண்ணீரும் இல்லை.
மூன்றாம் நாள் ஆறிய கஞ்சி.
இறங்கியதா என்று தாதியைக் கேட்டேன்.

பரிசோதனைக் காகிதம் வர மூன்று வாரம்.
ஸ்டேஷனில் சிறில் இரண்டு தடவை வாசித்து
கெடுதல் இல்லை என்றான்.
ஞாயிறு மெழுகுதிரியும் கொடுத்தாயிற்று.

இன்றைக்கு ரொட்டி, கட்டைச் சம்பல்.
முப்பத்தாறு, முப்பத்தேழு…
"இன்னும் எண்ணுறீங்களா?" என்கிறாள் ஞானமலர்.
குறுக்கே பேசியதில்
கணக்கு விட்டுப்போயிற்று.
ஒன்று.