டயருக்குள் கொஞ்சம் மாசி

கோயம்புத்தூரில் அச்சான பேப்பர்
பர்லியார் வளைவுகளில் உருண்டு
சேரிங்கிராஸ் வந்து விழும்போது நாலே முக்கால்.
கட்டைப் பிரித்தால் முதல் பக்கத்தில் எங்கள் ஊர்:
உதகையில் உறைபனி, பூஜ்யத்துக்கும் கீழே.
படம் போன வருஷத்தது.
அதில் வெளுத்து நிற்கும் ஆம்னி வேனை
ஹாலன் ஆடியிலேயே விற்றுவிட்டான்.

இணைப்பைச் செருகும்போது
விரல் எது தாள் எது தெரியவில்லை.
மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.
எங்களுக்கு மச்சு கிடையாது, தகரம்.
துளைக்கிற சிரமம்கூட அதற்கு இல்லை.

காந்தல் லைனை முடித்து
கோடப்பமந்து கால்வாய்ப் பாலத்தில் மொபெட்டை நிறுத்தினேன்.
எந்தப் பனிக்கும் இந்தத் தண்ணீர் உறைந்ததில்லை,
சோப்பும் எண்ணெயும் அதைக் காப்பாற்றிவிடும்.
ஓரத்தில் யாரோ வீசிய டயருக்குள்
தேங்கியது மட்டும் கண்ணாடியாகிக் கிடந்தது.
உள்ளே ஒரு கற்பூரமரத்து இலை,
கிழிந்த ஷாம்பூ பாக்கெட்,
மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு குமிழி.

தொட்டபெட்டாவுக்கு அந்தப் பக்கம்
எப்போதோ விடிந்திருக்கும்.
இங்கே முதலில் ஃபெர்ன்ஹில் மரத்தலைகளுக்கு,
அப்புறம் ரேஸ்கோர்ஸ் புல்லில் ஒரு கோடு.
கோட்டுக்கு அங்கே கருகல், இங்கே வெள்ளை.
நிழல் பின்வாங்க, அதன் வாலைப் பிடித்தபடி
வெள்ளையும் போகிறது.
மதுரைக்காரக் குடும்பம் ஒன்று
போனை நீட்டிக்கொண்டு துரத்துகிறது,
ஒருவர் காலிலும் சரியான செருப்பு இல்லை.

டயருக்கு வெயில் வந்தது.
ஒன்றும் நடக்கவில்லை.
இன்னும் பதினேழு வீடு பாக்கி.
ரிட்டயர்டு தாசில்தார் கேட்டில் நின்று
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.
நின்றேன்.

டிக்.
அப்பளம் ஒடிந்தால்கூட
இதைவிடச் சத்தம் கேட்கும்.
ஒரு மயிர்க்கோடு இலைக்கு மேலே ஓடியது,
இலைக்கு ஒன்றும் ஆகவில்லை.
கோடு கிளை பிரிந்தது.
ஒரு சில்லு சரிந்து இன்னொன்றின் மேல் ஏற
குமிழி அசைந்தது, தயங்கியது,
விளிம்புக்கு வந்தது.
அவ்வளவுதான்.
ராத்திரியிலிருந்து அடைபட்ட ஒரு சிட்டிகைக் காற்று.
அதை நான் மூச்சில் இழுத்தேனா
கால்வாய் நாற்றத்தோடு போயிற்றா
தெரியாது.

எதிரே பீரான் காக்கா
பால் சட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்,
அங்க என்னடா பார்க்கிற?
பனி உடைஞ்சுது காக்கா.
பேப்பர்ல போட்டிருக்கானா?
நாளைக்குப் போடுவான் என்றேன்,
வேற டயர் படத்தோட.