எதற்காக என்ற கட்டம்

இரவு இரண்டே கால்.
ஏற்காடு அடிவாரச் சோதனைச் சாவடி.
வண்டி எண், ஓட்டுநர் பெயர், எங்கிருந்து, எதற்காக:
நாலு கட்டம் போட்ட பதிவேட்டின் மேல்
வந்து உட்கார்ந்தது.

எவனோ பஸ்ஸிலிருந்து வீசிய
பாலிதீன் பை என்றுதான் நினைத்தேன்.
பிளாஸ்டிக் மேலே போகக் கூடாது, உத்தரவு.
பிடுங்கக் கை நீட்டினேன்.
பை மூச்சு விட்டது.

முற்றாத மாங்காயைச் சீவினால் வருமே,
அந்த வெளிர்பச்சை.
முன்விளிம்பில் மட்டும் கருஞ்சிவப்பு,
சேலைக்கு ஓரம் அடித்த மாதிரி.
பஞ்சு போல வெள்ளை உடம்பு.
பின்னால் இரண்டு வால்,
யாரோ ரிப்பனை முறுக்கிவிட்டு
முடிச்சுப் போட மறந்திருக்கிறார்கள்.

பூச்சிக்குப் பெயர் சொல்லும் செயலி ஒன்று
மகள் என் போனில் போட்டுவைத்திருந்தாள்.
முதல் படத்தில் டியூப்லைட்.
இரண்டாவதில் என் கட்டைவிரல்.
மூன்றாவதைப் பார்த்துச் செயலி சொன்னது:
லூனா. வட அமெரிக்கா.

அமெரிக்காவிலிருந்து அடிவாரம் வரைக்கும்
ஒரு சாவடியிலும் நிற்காமலா வந்தே?

வில்பிரட் சாருக்கு அனுப்பினேன்.
சேலத்தில் விலங்கியல் வாத்தியார்,
வலையோடு மலையேறும்போது பழக்கம்,
ராத்திரியில் தூங்காதவர்.
உடனே பதில் வந்தது.
வால் நுனி வரைக்கும் வேண்டும்.
உணர்கொம்பு தெரிய வேண்டும்.
அளவுக்குப் பக்கத்தில் எதையாவது வை.
பிளாஷ் போடாதே.

நாகலூர் பலாப்பழ ஜீப் இறங்கி வந்தது.
தடுப்பைத் தூக்கவில்லை.
"செங்கோடா, ஹெட்லைட்டைக் கொஞ்சம்
இந்தப் பக்கம் காட்டு."
"என்னக்கா, பாம்பா?"
"போட்டோ."
பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து,
கல்யாண மண்டபத்தில் விளக்குப் பிடிக்கிற பையன் போல
வண்டியையே சாய்த்துப் பிடித்தான்.
பைக்காரன் ஒருவன் ஹாரன் அடித்தான்.
செங்கோடன் போய் என்னவோ சொன்னான்.
அவனும் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு
வந்து நின்றான்.

அளவுக்கு அஞ்சு ரூபாய்க் காசு வைத்தேன்.
சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தது.
ரசீதுப் புத்தகத்தை வைத்தேன்.
இறக்கை ஜெயித்தது.
மூச்சைப் பிடித்து அமுக்குகிற நேரம்
குளிரில் கிளம்பாத இன்ஜின் போல
உடம்பை உதறிக்கொண்டது.
பதினோரு படத்தில் ஒன்று தேறியது,
அதிலும் வலது இறக்கை மங்கல்.

"நம்ம ஊர்க்காரிதான்" என்றார் சார்.
"லூனாவுக்கு அக்கா முறை.
வால் இதற்கு நீளம், நுனியில் ரோஸ் பார்.
கொம்பு ஒல்லி, ஆகவே பெண்.
ஆண் என்றால் சீப்பு மாதிரி இருக்கும்.
பக்கத்தில் ஒதியமரம் உண்டா?"

உண்டு. சாவடிக்குப் பின்னால்,
தண்ணீர் டிரம்முக்கு நிழலாக.
ஒதி மாதிரி வளர்ந்திருக்கா பாரு என்று
ஏழாம் வகுப்பில் என்னைச் சொன்ன அதே மரம்.
பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது,
சரி.
அந்த இலையைத் தின்றா
இந்தப் பச்சை?

"மூடியில் சர்க்கரைத் தண்ணி வச்சிருக்கேன் சார்."
"குடிக்காதும்மா. அதுக்கு வாய் இல்லை.
புழுவாக இருந்தப்போ தின்னதுதான்,
ஒரு வாரம் ஓடும்."

இந்த வேலையில் வாய் இல்லாமல்
ஒரு ஷிப்ட் ஓட்ட முடியுமா?
தண்ணீரை நானே குடித்தேன்.

அதை எழுப்பக் கூடாதென்று
நாலைந்து வண்டியை எழுதாமல் விட்டேன்.
நாலு மணிக்கு ஒரு திருப்பூர் வேன்,
உள்ளே பிறந்தநாள் கேக், சத்தம்.
ரசீது கிழித்துவிட்டுத் திரும்பினால் இல்லை.
தடுப்புக்கு மேலேயா, கீழேயா,
பார்க்கவில்லை.

பதிவேட்டில், எதற்காக என்ற கட்டத்தில்
ஒன்பது முட்டை.
பழுப்பு. கம்பரிசி அளவு.
விரலால் தள்ளினேன், வரவில்லை,
அப்படி ஒட்டியிருக்கிறாள்.

பக்கத்தைக் கிழித்தால் மெமோ.
புத்தகத்தை மூடினால் ஒன்பதும் போச்சு.
பிளேடு எடுத்துக்
கட்டத்தை மட்டும் அறுத்தேன்.
ஒதியங்கொம்பு ஒன்றை ஒடித்து,
டிபன் டப்பா மூடியில் ஆணியால் ஓட்டை போட்டேன்.

திங்கட்கிழமை ரேஞ்சர் வந்தார்.
பக்கம் நூற்றுப் பன்னிரண்டில்
அவர் விரல் உள்ளே போய்
அந்தப் பக்கம் வந்தது.
"இது என்னம்மா?"

கரையான் சார், என்றேன்.
அரசாங்கக் கட்டடம்.
நம்பினார்.