முந்நூறு

பட்டர்வொர்த் போலீஸ் நிலையத்தில்
நாற்காலிகள் எல்லாம் ஒரே இரும்புத் தண்டில் பூட்டியவை.
பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால்
நம் இடுப்புக்கும் தெரியும்.

அந்த அம்மா உட்கார்ந்தார்.
மடியில் துணிக்கடைப் பை,
அதில் பாஸ்புக், தண்ணீர்ப் பாட்டில்,
எட்டாக மடித்த ஒரு தாள்.

"நீயும் போன்ல ஏமாந்தியா தம்பி?"

என் தலை தானாக ஆடியது,
ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாத ஓர் ஆட்டம்.
அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

பார்சல் என்றானாம் முதலில் ஒருவன்.
இவர் பெயரில் கோத்தா பாருவுக்குப் போன பார்சலில்
பதினாறு அடையாள அட்டைகளாம்.
பிறகு இன்னொருவன், இன்ஸ்பெக்டர்.
பின்னால் வாக்கி-டாக்கி இரைகிற சத்தம்கூட இருந்ததாம்.
போனை வைக்காதே என்றான், வைக்கவில்லை.
நாலு மணி நேரம்.
அடுப்பில் பருப்பு தீய்ந்த வாசம் வந்தது,
எழுந்தால் சந்தேகப்படுவானோ என்று எழவில்லை.
"நடுவுல அவனேதான் சொன்னான்,
அம்மா, கொஞ்சம் தண்ணி குடிங்கன்னு."

பாகான் ஆஜாமில் பள்ளிக்கூடக் கேண்டீன்,
பத்தொன்பது வருஷ நாசி லெமாக்,
நெத்திலி எண்ணி வைத்துக் கட்டிய பொட்டலங்கள்.
பதினெட்டாயிரத்து நானூறு வெள்ளி.

எனக்கு அந்தத் தொகை தெரியும்.
போன மாதம் ஒரு செவ்வாய்,
மதியம் இரண்டு ஏழிலிருந்து இரண்டு பதினெட்டு வரை
என் கணக்கில் இருந்தது.
அப்போது நான் பிறை கிடங்கில்
ஃபோர்க்லிஃப்டில் டயர் அடுக்கிக்கொண்டிருந்தேன்.
அவ்வளவு பணக்காரனாக நான் என்றுமே இருந்ததில்லை.
இருந்த பதினோரு நிமிடமும் தெரியாமல் போனது.

கார்டைக் கொடுத்தது செபராங் ஜெயாவில், மாமாக் கடையில்.
பின் நம்பரை டிஷ்யூவில் எழுதினேன். மை பரவிவிட்டது.
இன்னொரு டிஷ்யூ எடுத்துத் திரும்ப எழுதினேன்.
தூங்க முடியாத இரவுகளில்
அந்த இரண்டாவது டிஷ்யூதான் வருகிறது.
சும்மா கிடக்கிற கணக்குதானே லா, என்றான் ரூபேஷ்.
ஆன்லைன் வியாபாரம், வரிச் சிக்கல்,
நீ ஒண்ணும் செய்ய வேணாம்.
உண்மை. நான் ஒன்றும் செய்யவில்லை.
முந்நூறு வெள்ளி மோட்டார் தவணைக்குப் போனது.

அக்கவுன் கெல்டாய், என்றார் சார்ஜன் போனில்.
கழுதைக் கணக்கு.
மூட்டையில் இருப்பது உப்பா துணியா
கழுதைக்குத் தெரியாது.
கேட்கவும் அதற்கு வாயில்லை.
எனக்கு இருந்தது.

எதிர்ச் சுவரில் ஒரு சுவரொட்டி:
ஏமாந்தால் உடனே அழையுங்கள்.
எண்ணின் கடைசி இலக்கம் இருந்த மூலை
கிழிந்திருந்தது.
"அன்னிக்கே கூப்பிட்டிருந்தா
பணத்தை வழியிலேயே நிறுத்தியிருக்கலாமாம்" என்றார்.

வழி என்பது நான்.

"உன்னோடது எவ்வளவு?"
"முந்நூறு."
"முந்நூறுதானா? தப்பிச்சே, போ."
பையைத் துழாவி, ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து
பாதியை என் உள்ளங்கையில் வைத்தார்.
தின்றேன். காலையிலிருந்து பசி.

"எவன் கணக்குக்குப் போச்சோ அவன் பேரு இதுல இருக்கு."
மடித்த தாளை விரலால் தட்டினார்.
"நம்ம ஆளு பேரு தம்பி.
சீனனா மலாய்க்காரனா இருந்திருந்தா
இவ்வளவு வலிச்சிருக்காது. தப்புதான், இப்படி நினைக்கிறது."

வெளியே ஃபெரியின் சங்கு ஊதியது.
கதவு திறந்தது.
சார்ஜன் நம் பெயர்களை
எலும்பு எலும்பாகப் பிரித்து வாசிப்பவர்:

லோ
கேந்
திரன்.

எழுந்தேன்.
ஒரே தண்டில் பூட்டிய நாற்காலிகள் அத்தனையும் அசைந்தன.
என் முதுகுக்குப் பின்னால்
எட்டாக மடித்த தாள்
ஒவ்வொரு மடிப்பாய்ப் பிரியும் சத்தம்.