வெங்காயம் போடக் கூடாது

வெலிமடையிலிருந்து ஜாம் போத்தலில் வந்தவை.
எண்ணினேன்: நாற்பத்தொன்று.
பெயிண்ட் வாளியில் ஆணியால் ஓட்டை போட்டு
ஈரச்சாக்கால் மூடி
காம்பராவுக்குப் பின்னால் வைத்தேன்.

லீக்ஸ் வேர், கரட் தழை,
பூச்சி அரித்த கோவாவின் மேலிலை.
தேயிலைச் சக்கையும்.
நான் பறித்த கொழுந்தின் தூள்தான்,
கடையில் காசு கொடுத்து வாங்கி
மூன்று தரம் கொதிக்கவைத்த பிறகு
அவற்றுக்குப் போகும்.
தேசிக்காய்த் தோல் ஆகாது.
கருவாட்டுக் குழம்பு ஆகாது.
வெங்காயம் போட்ட அன்று
எல்லாம் மேலேறிச் சாக்கில் ஒட்டிக்கொண்டன,
அரைப்பேர் போட்ட அன்று
பிரட்டுக்களத்தில் நாங்கள் நின்ற மாதிரி.

கார்த்திகையில் ஆறு நாள் மழை.
லயத்துக்கு மேலே மண்ணில் ஒரு வெடிப்பு.
முதல் நாள் என் விரல் போனது,
மூன்றாம் நாள் செருப்போடு கால்.
கிராம சேவகர் ஒலிபெருக்கியில் சொன்னார்:
அடையாள அட்டை, பிள்ளைகளின் கொப்பி, மருந்து.
வேறொன்றும் தூக்க வேண்டாம்.

வாளியைத் தூக்கினேன்.
"என்னடி, நகையா?"
அடுத்த காம்பரா சிவனம்மா.
"புழு."
கொட்டுகிற மழையில் நின்று சிரித்தாள்.
அவள் கையில் அயன்பெட்டி.

ராகலைப் பாடசாலையில்
நான்காம் வகுப்பு எங்களுக்கு.
வாளி, உலகப் படத்துக்குக் கீழே.
இரவெல்லாம் மற்றவர்கள்
மலையைக் கேட்டபடி படுத்திருந்தார்கள்.
நான் வாளியில் காதை வைத்தேன்.
ஈரக் கடதாசியை யாரோ
மெதுவாகப் பிரிப்பது போல.
இரண்டு மணிக்கு மேலே
வேறொரு சத்தம்.
அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் பார்த்தோம்.
கக்கூஸ், கோழிக்கூடு, என் கரட் பாத்தி,
கடைசி இரண்டு காம்பரா.
எல்லாம் இருந்த இடத்தில் சிவப்பு மண்,
ஒரு வேர் இல்லை, ஒரு புழு இல்லை.
அவ்வளவு மண்ணை
ஒரேயிடத்தில் நான் பார்த்ததில்லை.

படிவம் நிரப்ப வந்த பையன் கேட்டான்:
காணி உண்டா, இல்லையா?
"ஒரு வாளி" என்றேன்.
பேனை கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு 'இல்லை'யில் புள்ளடி போட்டான்.

நூற்று முப்பது பேருக்குச் சமைக்கிற சுகந்தினி
பதினோராம் நாள்
மாஜரீன் டப்பாவோடு வந்தாள்.
குப்பை நாறுகிறது என்று அதிபர் ஏசினாராம்.
இரண்டு பிடி அள்ளிப் போட்டேன்.
எத்தனை என்று இப்போதெல்லாம் எண்ணுவதில்லை.
டப்பாவைக் காதில் வைத்துப் பார்த்தாள்.

"வெங்காயம்..." என்று தொடங்கினேன்.
"போட மாட்டேன் அக்கா.
சிவனம்மா நேற்றே சொல்லிட்டாங்க."